பிரசவக் கட்டிலின் சுற்றுப்பயணம்

வந்திருந்தவர்கள்: ஒன்றியக் குழுத் தலைவர். அவருடைய மச்சானும் ஒப்பந்தக்காரருமான தங்கத்துரை. ஆய்வுக் குழு உறுப்பினர் செல்வக்கனி, ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு போட்டோக்காரர். ஒரு பிரசவக் கட்டில்.

நர்ஸ் இந்தப் பட்டியலில் இல்லை. அவள் இந்தத் துணை சுகாதார நிலையத்துக்காரி. எப்போதும் இருக்கிறவள்.

கட்டில் சற்று முன்னால்தான் வந்தது. குட்டியானை வண்டியிலிருந்து இறக்கினார்கள்.

"விரிப்பு கிரிப்பு போடாதீங்க சிஸ்டர். பாத்து முடிச்சதும் ஏத்திருவோம்" என்றான் டிரைவர்.

அவள் விரிப்புப் போட்டாள்.

நான்கு ஊருக்கு நான்கு கட்டில் வாங்கியிருந்தது ஒன்றியம்.

காகிதத்தில் நான்கு. ரோட்டில் ஒன்று.

குழு கட்டிலைப் பார்க்கும். பிறகு முன்வாசலில் டீயும் வடையும். அதற்குள் கட்டில் பின்வாசல் வழியாகக் கிளம்பிக் குளத்தங்கரைப் பாதையில் அடுத்த ஊர் போய்விடும். இது மூன்றாவது ஊர்.

நர்சுகள் எல்லாருக்கும் இது தெரியும். வாய் திறந்த ஒருத்தி இப்போது மாற்றலாகி மலைமேல் இருக்கிறாள். அங்கே பஸ் கிடையாது.

வராந்தா பெஞ்சில் சந்தனமாரி. காலையிலிருந்து வலி. புருஷன் ஆட்டோ தேடிப் போயிருந்தான்.

அவளுடைய முதல் பிள்ளை டவுனுக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே பிறந்தது. ஊரில் அவனை 'ஆட்டோ' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இரண்டாவதைக் கட்டிலில் பெறவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவ்வளவுதான்.

"நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார் தலைவர். பதிலுக்கு நிற்கவில்லை.

அவர் கட்டிலைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவதுபோல.

"செல்வக்கனி, இப்படிப் பக்கத்துல நில்லும்மா. புள்ளைத்தாச்சி நின்னா படம் எடுப்பா இருக்கும்."

செல்வக்கனி வந்து கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்தாள்.

பிடித்த கை நின்றது.

கம்பியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அரக்கு நிறம்.

நர்ஸ் அதை முன்பே பார்த்திருந்தாள். வேறு ஏதோ ஊர் நர்சுடையது என்று விட்டுவிட்டாள். இப்போது செல்வக்கனியின் நெற்றியைப் பார்த்தாள்.

காலி. நடுவில் வட்டமாக ஒரு வெளிறிய தடம்.

காலையில் முதல் ஊரில் வெயில். முகத்தைத் துடைக்கப் பொட்டை எடுத்திருப்பாள். கண்ணாடியில் ஒட்டுகிற பழக்கத்தில் கம்பியில் ஒட்டியிருப்பாள்.

செல்வக்கனி பொட்டை உரித்து நெற்றியில் வைத்தாள். கொஞ்சம் கோணல்.

"கட்டில் எப்படிம்மா?"

"நல்ல கட்டில் தலைவரே. காலையில இருந்து நம்ம கூடயேதான வருது."

போட்டோக்காரர் சிரித்தார். உடனே இருமினார்.

"எல்லாம் ஒரே கம்பெனி மாடல்லா. அப்படித்தான் இருக்கும்" என்றார் தங்கத்துரை.

"பொட்டும் கம்பெனிக்காரனே ஒட்டிக் குடுத்தானா?"



"டீ ஆறிப் போவுது" என்றார் தலைவர்.

செல்வக்கனி ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தாள். சந்தனமாரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

செல்வக்கனி நர்சைப் பார்த்தாள்.

பிறகு படியில் கால் வைத்துக் கட்டிலில் ஏறினாள். படுத்தாள்.

"யம்மா. வலிக்கு."

தலைவர் பதறிவிட்டார். "ஏழு மாசம்தானம்மா ஆவுது?"

"எனக்குத் தெரியும் தலைவரே. உள்ள இருக்க புள்ளைக்கில்லா தெரியணும்."

நர்ஸ் வயிற்றில் கை வைத்தாள். வயிறு மெத்தென்று இருந்தது. உள்ளே ஒரு உதை. குஷியான உதை.

வலி இல்லை. ஒரு மண்ணும் இல்லை.

"ஆம்பளையள்லாம் வெளிய போங்க" என்றாள். தலைவரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

போனார்கள்.

வெளியே குட்டியானை உறுமிக்கொண்டு நின்றது. தங்கத்துரையின் போன் அடித்தது.

"கட்டில் எப்ப வரும்ணே?" ஸ்பீக்கரில் கேட்டது நான்காவது ஊர்.

"வைல போனை!"

கதவருகே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், அவங்களை வேற எதுலயாவது படுக்க வையுங்களேன்."

"எதுல? அந்தக் குட்டியானையிலயா?" உள்ளிருந்து செல்வக்கனி.

தங்கத்துரை திரும்பி மச்சானைப் பார்த்தார். தலைவர் போட்டோக்காரரைப் பார்த்தார். போட்டோக்காரர் வடையைப் பார்த்தார்.

கதவு திறந்தது. செல்வக்கனி வாசலில் நின்றாள்.

"வலி நின்னுட்டு தலைவரே. சூட்டு வலியாம்."

தங்கத்துரை டிரைவருக்குக் கை காட்டினார். இருவரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

அதற்குள் நர்ஸ் வராந்தாவுக்குப் போயிருந்தாள். சந்தனமாரியைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தாள்.

தலைவர் ஒதுங்கி வழிவிட்டார். வேறு என்ன செய்ய? போட்டோக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

செல்வக்கனியைக் கடக்கும்போது நர்ஸ் கவனித்தாள். நெற்றி மறுபடி காலி.

அறைக்குள் பார்த்தாள். பொட்டு கட்டில் கம்பியில் இருந்தது. பழைய இடத்திலேயே.

செல்வக்கனி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டாள்.

"நாலாவது ஊருக்குக் கிளம்புவோமா தலைவரே? அங்க உள்ள கட்டிலையும் பாத்துருவோம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

சந்தனமாரி செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனாள்.

அவளுக்குப் பின்னால் நர்ஸ் கதவைச் சாத்தினாள். மேலே ஒரு தாழ்ப்பாள். கீழே ஒரு தாழ்ப்பாள். இரண்டையும் போட்டாள்.