இரண்டு மடங்கா, மூன்று மடங்கா?

“சார், பதினேழாவது கேள்விக்கு நீங்க போட்ட விடை தப்பு சார்!”

சைக்கிள் பெடலில் ஒரு காலை வைத்த அரங்கநாதன் வாத்தியார் அப்படியே நின்றார். பின்னால் ஓர் இளைஞன் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். மிதித்தால் ராஜகிரிக் கோட்டை வரைக்கும் இழுபட்டுக்கொண்டே வருவான் போலிருந்தது.

“யாருப்பா நீ? முதல்ல கேரியரை விடு.”

“சுமதிநாதன் சார். பண்டகசாலை குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதினேன்.”

வாத்தியாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. செஞ்சியில் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்று. அதில் குமாஸ்தா வேலையும் ஒன்றே ஒன்று. ஊரே விண்ணப்பம் போட்டது. “நீங்களே கேள்வித்தாள் போட்டுத் திருத்திக் குடுத்துடுங்க” என்று சங்கத் தலைவர் கேட்டதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராசில் இப்போது இதுதான் நாகரிகம் என்று, நான்கு விடை கொடுத்து ஒன்றில் குறி போடச் சொல்லும் கேள்விகளாகவே போட்டுத் தள்ளினார். பெயர் தெரிந்தால் சிபாரிசு வருமே என்று விடைத்தாளில் வெறும் நம்பர்தான். மூன்று நாளைக்கு முன் மார்க்கையும் சரியான விடைகளையும் பண்டகசாலைக் கதவில் ஒட்டினார்கள். அன்றிலிருந்து வேலை கிடைக்காதவர்கள் ஒவ்வொருவராக வந்து வாத்தியாரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“தோத்தவங்க எல்லாருக்கும் என் பேப்பர்தான் தப்பாத் தெரியுது. விடுப்பா. இன்னைக்கு அமாவாசை. மலையனூர் கோயில் பஸ்ஸுக்கு என் சம்சாரம் காத்துக்கிட்டு இருக்கா. லேட்டாப் போனா அவகிட்ட யாரு பாட்டு வாங்குறது?”

“அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும் சார். அஞ்சே நிமிஷம். ஒரு எண்ணோட ரெண்டு மடங்கு பெரிசா, மூணு மடங்கு பெரிசான்னு கேட்டீங்க. நீங்க இன்னா விடை போட்டிருக்கீங்க?”

“மூணு மடங்குதான் பெரிசு. இதுல இன்னா சந்தேகம்? அஞ்சை எடுத்துக்கோ. ரெண்டு மடங்கு பத்து, மூணு மடங்கு பதினஞ்சு.”

“அஞ்சை ஏன் சார் எடுக்கணும்? சைபரை எடுங்க.”

வாத்தியார் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். சைபருக்கு இரண்டு மடங்கும் சைபர், மூன்று மடங்கும் சைபர்.

“சரி, சைபரை விடுங்க. மைனஸ் அஞ்சை எடுங்க. அதுவும் எண்தானே? ரெண்டு மடங்கு மைனஸ் பத்து, மூணு மடங்கு மைனஸ் பதினஞ்சு. எது சார் பெரிசு? மைனஸ் பத்துதானே? ஒரு எண்ணுக்கு இது பெரிசு, இன்னொரு எண்ணுக்கு அது பெரிசு, சைபருக்கு ரெண்டும் சமம். எந்த எண்ணுன்னே தெரியாம எப்படிச் சொல்றது? நீங்க போட்ட நாலாவது விடைதான் சார் சரி. ‘தீர்மானிக்க முடியாது.’”

வாத்தியார் பெடலில் இருந்த காலைக் கீழே வைத்தார். அந்த நாலாவது விடையைச் சும்மா இடத்தை நிரப்பத்தான் எல்லாக் கேள்விக்கும் போட்டிருந்தார். அது போய் ஒரு கேள்விக்கு நிஜமாகவே சரியான விடையாகித் தொலைக்கும் என்று அவர் கனவா கண்டார்? இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் மைனஸை மறந்தால் காதைத் திருகிய மனிதர்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

“தம்பி...” குரல் இறங்கியது. “நீ சொல்றது வாஸ்தவம்தான். ஆனா ஊரறிய ஒட்டியாச்சு. இப்ப மாத்தினா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். ஒரு மார்க்குதானே, விட்டுடேன்.”

“அந்த ஒரு மார்க்குலதான் சார் என் குடும்பமே தொங்குது! நம்பர் ஒட்டின நாள்லேர்ந்து எங்க வீட்ல அடுப்பு எரியல. எந்நேரமும் இதே கணக்குதான் காதுல ஓடுது. நாங்க ஜைனருங்க சார், பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். இன்னைக்காவது பொழுதோட வீட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு சாப்பிடணும். மனசு வைங்க சார்!”

அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் வாத்தியாருக்குத் தாங்கவில்லை. ஒரு குடும்பமே பட்டினி கிடக்கும்போது தன் மானம் என்ன பெரிய மானம்! சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனைக் கையோடு பள்ளிக்கூடத்துக்குள் அழைத்துப் போனார். பீரோவைத் திறந்து விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.

முதலாவதாக வந்த தாளுக்கும் இரண்டாவது தாளுக்கும் ஒரே மார்க்குதான் வித்தியாசம். முதல் தாளில் ‘மூன்று மடங்கு’ என்று குறி இருந்தது. இரண்டாவது தாளில் ‘தீர்மானிக்க முடியாது’ என்று அழுத்தமாகக் குறி போட்டு, அதற்குச் சைபர் வாங்கியிருந்தது. அடப்பாவமே, இந்தப் பிள்ளை வயிற்றிலா அடித்தோம் என்று வாத்தியார் தன்னையே திட்டிக்கொண்டார்.

சிவப்பு மையால் இரண்டு தாளையும் திருத்தினார். முதல் தாள் கீழே போயிற்று, இரண்டாவது தாள் மேலே வந்தது. தப்பு தன்னுடையதுதான் என்று சங்கத் தலைவருக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டார். மனசு லேசாகிவிட்டது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

“கண்ணைத் துடைச்சுக்கோ. போய் வீட்ல சொல்லு, வேலை உனக்குத்தான்னு!”

“ஐயோ, எனக்கு இல்ல சார்!” சுமதிநாதன் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். “முதல்ல வந்திருந்தது நான். அந்த ரெண்டாவது நம்பர் என் சம்சாரம் லீலாவதி சார்!”