இரண்டாவது டியூப்

ஆய்வுக்கூடத்துக் கணினித் திரையில், மரபணு எழுத்துகளின் மேல் வரி நிரம்பி நின்றது. கீழ் வரி ஓடத் தொடங்கியது.

கீர்த்தி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேல் வரி, தென்னேரியில் அவள் அப்பா துரைக்கண்ணுவின் தேக்குத் தோப்பில், காய்ந்துபோன மரம் ஒன்றைப் பிளந்து எடுத்த புழுவுடையது. அதன் முடிவு நேற்றே வந்துவிட்டது. நம் மண்ணின் புழு இல்லை. கடல் கடந்து வந்த ஒரு வண்டின் இளம்புழு.

கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளூர்ப் புழுவும் அதுவும் ஒரே வெள்ளை, ஒரே பருமன். உடம்பில் ஒரு துணுக்கை எடுத்து, மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தால்தான் அது யாரென்று சொல்லும்.

கீழ் வரி, அதே தோப்பின் ஓரத்தில் அடுக்கியிருக்கும் வெளிநாட்டு மரக்கட்டை ஒன்றின் பட்டைக்குள் இருந்த புழு.

அந்தக் கட்டைகள் அவள் கணவன் கதிர்வேலுடையவை.

இரண்டும் ஒன்றாக இருந்தால், அப்பாவின் தோப்பைச் சாகடித்தது கதிர்வேலின் மரம்.

அப்பாவின் கோபத்தை அவள் பார்த்திருக்கிறாள். தறிக்காரர் வீட்டுப் பையனை அவள் கட்டிக்கொண்ட அன்று, அரிவாளோடு காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். அம்மா பெரியநாயகிதான் காலைக் கட்டிக்கொண்டு கீழே இறக்கினாள்.

அப்புறம் பேச்சே இல்லை. தீபாவளிக்குக்கூட அழைப்பில்லை.

கதிர்வேல் மரக்கடை வைத்தான். இடம் போதாமல் கட்டைகளை ரோட்டோரம் போட்டுவைத்திருந்தான். ஒருநாள் அந்த வழியாகப் போன அப்பா வண்டியை நிறுத்தினார்.

"மரத்த ஏன் வெயில்ல வேகவிட்டுக்கினு இருக்கீங்க மாப்ள? நம்ம தோப்பு நெழல்ல அடுக்குங்க."

மாப்ள என்று அவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை. கேள்விப்பட்டதும் கீர்த்தி அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள்.

அந்த நிழலில்தான் புழு கட்டையிலிருந்து மரத்துக்கு மாறியிருக்க வேண்டும்.

கதிர்வேல் லோடு ஏற்றப் போயிருந்த நேரம் பார்த்து, தோப்புக்குப் போய்ப் பட்டையை நெம்பினாள். புழுவை டியூபில் போட்டு, கெடாமல் இருக்க மேலே மருந்தை ஊற்றி, மூடியை அவசரமாக அழுத்தினாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுப் பையின் அடியில், முதல் டியூபின் பக்கத்தில் ஒளித்துவைத்தாள். அதன்மேல் பெயர் எழுதவில்லை. இரண்டு என்று மட்டும்.

மறுநாள் ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகுதான் பையை விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. அதற்குள் கதிர்வேலே கொண்டுவந்து கொக்கியில் மாட்டினான்.

"பார்த்து எடுத்துக்கினு போமா. சிந்திடப்போவுது."

மோர்க்குழம்பைச் சொல்கிறான் என்று நினைத்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அந்தப் பைக்குள் கைவிட அவளுக்குத் துணிவில்லை. கூட வேலை செய்யும் அபிநயாவிடம் அப்படியே கொடுத்துவிட்டாள்.

கீழ் வரி நின்றது.

முதல் எழுத்திலிருந்து பார்த்தாள். பிறகு கடைசி எழுத்திலிருந்து திரும்பிப் பார்த்தாள். ஓர் எழுத்தும் மாறவில்லை.

இரண்டும் ஒரே புழு.

இரண்டாவது டியூபில் இருந்தது எங்கே எடுத்த புழு என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கீழ் வரியை அழித்துவிட்டால் போதும். எங்கிருந்தோ பறந்து வந்த வண்டு என்றாகிவிடும். அப்பா விதியைத் திட்டுவார். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஆனால் அதே லோடில் பாதிக் கட்டைகள் வேறு ஊர்களுக்குப் போயிருந்தன. அங்கேயும் யாராவது நிழல் கொடுத்திருப்பார்கள்.

அவள் விரல் அழிக்கும் பொத்தானின்மேல் இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை.

"அக்கா." அபிநயா தட்டோடு வந்து நின்றாள். "இந்த ரெண்டாவது டியூப எங்க வைக்கிறது? பேரும் இல்ல, ஊரும் இல்ல. ஆனா கட்டு மட்டும் பலமா இருந்துச்சு. அவுக்கவே வரல, பல்லால கடிக்கலாமான்னுகூட பார்த்தேன். கடைசில கத்தரிச்சுட்டேன்."

"என்ன கட்டு?"

அபிநயா தட்டின் ஓரத்திலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அரக்கு நிறப் பட்டு நூல். டியூபின் மூடியை இறுக்கிப் பலமுறை சுற்றிய நூல். கத்தரித்த பிறகும் முடிச்சு அப்படியே இருந்தது.

கீர்த்தி மூடியை அழுத்தியதோடு சரி. நூல் எதுவும் கட்டவில்லை.

அந்த முடிச்சு அவளுக்குத் தெரியும். தறியில் இழை அறுந்தால் போடுவது. கல்யாணமான புதிதில் அதைக் கற்றுக்கொள்ள எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறாள். "உனக்கு நாத்துக்கட்டுதாம்மா வரும்" என்று கதிர்வேல் சிரிப்பான். வீட்டில் அதைப் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அவசரத்தில் அவள் அழுத்திய மூடி சரியாகப் பொருந்தியிருக்காது. மருந்து கசிந்திருந்தால் புழு கெட்டிருக்கும். ஒன்றும் தெரியாமலே போயிருக்கும்.

நெம்பிய பட்டை அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவன் அந்த டியூபைத் தூக்கிப் போட்டிருக்கலாம்.

கீர்த்தி பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். போனை எடுத்தாள். கதிர்வேலின் பெயரை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தான். காய்ந்த தேக்கிலைகள் காலடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கிற?"

"தென்னேரியிலதாம்மா. மாமா பக்கத்துல நின்னுக்கினு இருக்காரு. ஸ்பீக்கர்ல போடறேன், சொல்லு."