வளர்ச்சி நின்ற நாள்

ஜெசிந்தா அக்காவின் கல்லீரல் இனித் தேறாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் தோலிலிருந்து எடுத்த செல்களை எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றித் தந்தார்கள். அவற்றைச் சமையலறை அலமாரியில் ஒரு சூட்டுப்பெட்டிக்குள் கண்ணாடித் தட்டில் நான் வளர்க்கிறேன். செல் வளர்ப்பு கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்ததே இதற்காகத்தான். ஈரலாவதற்கான மரபணுக்கள் எல்லாச் செல்லிலும் இருக்கின்றன. எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதை நான் விடும் சொட்டு மருந்துகள் சொல்கின்றன.

திங்கட்கிழமை வளர்ச்சி மருந்தை நிறுத்தினேன். இன்று பார்த்தால் தட்டில் எதுவும் பெருகவே இல்லை. கொன்றுவிட்டேனோ என்று பயந்து, பழைய மருந்தையே மறுபடி விடப் போனேன்.

அக்கா பின்னால் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள்.

"வகுப்புல என்னடி சொன்னாங்க?"

"மருந்தை நிறுத்தினாத்தான் ஈரலா மாறும், அப்புறம் தொடக் கூடாதுன்னாங்க. ஆனா வளரலையேக்கா."

"வளர்ந்துக்கிட்டே இருந்தா எப்ப வேலைக்குப் போறது? உன்னை மாதிரி கோர்ஸ் கோர்ஸா சேர்ந்துக்கிட்டே இருக்கணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்தை வைத்துவிட்டு, தட்டின் நீரில் சோதனைத் தாளை நனைத்தேன். ஈரல் சுரக்கும் புரதம் இருந்தால் அதில் கோடு விழும். வெகு நேரம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு மெல்லியதாக ஒரு நீலக் கோடு தெரிந்தது.

நம்ப முடியாமல் இன்னொரு தாளை நனைத்தேன். அதிலும் விழுந்தது.

மூன்றாவது தாளை எடுத்தபோது அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"போதும்டி. ஆஸ்பத்திரிக்கு ஃபோனைப் போடு. இதை எனக்குள்ள வைக்க நான் எப்ப வந்து படுக்கணும்னு கேளு."