குளிருக்குப் பத்து கஜம்

“இந்தக் குளிர்ல பந்து விறைச்சுப்போயிடும் சார். பத்து கஜம் குறையத்தான் செய்யும். கதகதப்பா இருந்தாத்தான் பறக்கும்.”

மட்டைப் பை தூக்குகிறவன் சொல்லி முடிப்பதற்குள் அறை விழுந்தது. கோல்ஃப் பந்து குளத்தில் விழுந்த ஆத்திரத்தில் தொழிலதிபர் அவனுடைய பல் ஒன்றை உதிர்த்துவிட்டார்.

“இதை அடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

மறுநாள் காலையில் குளிர் இன்னும் கடுமை. கோட்டுக்குள்ளிருந்து வெந்நீர்ப் பையை எடுத்தெடுத்து வீங்கிய கன்னத்தில் அழுத்திக்கொண்டு வந்தவனைப் பார்த்துத் தொழிலதிபர் சிரித்தார்.

“இன்னிக்கு என்னடா கணக்கு?”

“குழிக்கொடி நூத்தம்பது கஜம் தள்ளி இருக்கு சார். குளிருக்குப் பத்து சேர்த்து நூத்தறுபதுக்கு அடிங்க.”

“கொடிக்குப் பின்னாடி என் மாமனார் நிக்கிறாரே?”

“இந்தக் குளிர்ல அவர்கிட்ட எங்க போகப்போகுது?”

வெந்நீர்ப் பையை மறுபடியும் கோட்டுக்குள் செருகிவிட்டு, ஒரு பந்தை எடுத்து அவனே புல்லில் வைத்தான்.

தொழிலதிபர் ஓங்கி அடித்தார். பந்து குளத்தைத் தாண்டியது, கொடியைத் தாண்டியது, மாமனாரின் நெற்றியைப் பிளந்தது.

மாமனார் முன்னாள் குத்துச்சண்டைக்காரர். ரத்தம் ஒழுக ஒழுக ஓடிவந்தார்.

“மாப்பிள்ளைன்னு பாத்தா, என் மண்டையவே பொளக்கிறியா?”

ஒரே குத்து. மாப்பிள்ளையின் பல் இரண்டு புல்லில் விழுந்தன.

பை தூக்குகிறவன் பதறிப்போய்க் குனிந்தான்.

“ஒத்தடம் குடுங்க சார், வீக்கம் வடிஞ்சிடும்.”

அவன் கோட்டுக்குள்ளிருந்து வெந்நீர்ப் பையை உருவி நீட்டியபோது, கூடவே மூன்று கோல்ஃப் பந்துகளும் தொழிலதிபரின் உள்ளங்கையில் உருண்டன.

மூன்றும் அவித்த முட்டை மாதிரி சுட்டன.