நாற்பதாவது கட்டம்

நாற்பது நாள். ஒரு தட்டுகூடப் பறக்கவில்லை.

அட்டையில் கடைசிக் கட்டம் மட்டும் காலி. அதில் பச்சை மையில் நட்சத்திர முத்திரை குத்துவது இவள் வேலை. பெண்கள் சிறையின் மனநல ஆலோசகர். சேர்ந்து ஐந்து மாதம்.

மேசை இழுப்பறையை முழங்காலால் தள்ளினாள். மூடித்தான் இருந்தது. மறுபடியும் தள்ளினாள்.

முதலில், கைதி செங்கமலம் சாப்பாட்டு வரிசையில் நின்றாலே ஒரு முத்திரை.

பிறகு, யாரையும் வையாமல் நின்றால்.

பிறகு, தட்டை வீசாமல் கழுவி வைத்தால்.

படிப்படியாக. படித்த பாடத்தில் இருந்தது போலவே.

பதினைந்து முத்திரை சேர்ந்தால் மகளோடு ஐந்து நிமிடம் போனில் பேசலாம். செங்கமலம் அதற்காகத்தான் சம்மதித்தாள்.

பதினான்காம் நாள் மதியம் தபால் வந்தது.

மறுநாள், பதினைந்து இருபத்தைந்தானது. பிறகு நாற்பதானது.

"இன்னும் கொஞ்சம்," என்று செங்கமலத்திடம் சொல்லி வைத்தாள். அந்த மாத அறிக்கையில் சூப்பிரண்டு இவளைப் பாராட்டி இரண்டு வரி எழுதியிருந்தார்.

வார்டர் கிரேஸி கதவில் தலையை நீட்டினாள். "மேடம், உங்க வேங்கை வந்திருக்கு. தலைய வாரி, பொட்டு வெச்சு... பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நெனச்சுக்கிச்சு போல."

செங்கமலம் சிரித்தபடியே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கைகள் மடியில். முன்பொரு நாள் இதே நாற்காலியைத் தூக்கி எறிந்த கைகள்.

இவள் முத்திரையை எடுத்தாள். வைத்தாள்.

பேனாவை எடுத்தாள்.

அட்டையின் அடியில் இன்னும் ஒரு வரிசைக்கு இடமிருந்தது. ஒரு கோடு இழுக்கத் தொடங்கினாள்.

செங்கமலம் அந்தக் கோட்டைப் பார்த்தாள். மேசையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடி கோட்டை.

கத்தவில்லை.

கத்தினால் தேவலை என்று இருந்தது இவளுக்கு.

"அம்பது வரைக்குங்களா மேடம்? இருக்கேன். இப்பல்லாம் பழகிடுச்சு."

பேனா கோட்டின் நடுவிலேயே நின்றது.

இவள் குனிந்து இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள்.

"உங்க பொண்ணு பேச இஷ்டமில்லன்னு எழுதி அனுப்பிட்டாங்கம்மா."

செங்கமலத்தின் கைகள் மடியிலேயே இருந்தன.

"லெட்டர் வந்து இருபத்தாறு நாளாச்சும்மா."