கிடாவுக்கும் பி.எச். பார்த்தாள்

"கையை நீட்டுடி."

பென்டா நீட்டினாள். வருங்கால மாமியார் சோக்னா கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து, அவள் முன்கையில் தேய்த்து, அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பி.எச். தாளை அழுத்திப் பிடித்தாள்.

காவோலாக் நகரப் பெண்கள் சங்கத்துக்கு சோக்னாதான் தலைவி. மைக் கிடைத்த இடமெல்லாம் 'கறுப்பே அழகு' என்று முழங்குகிறவள். வெளுப்புக் களிம்பு பூசுகிற எவளும் தன் வீட்டுக்கு மருமகளாக வர முடியாது என்பது அவள் போட்ட சட்டம்.

"நல்ல தோலுன்னா தாள் மஞ்சளாவே இருக்கும். களிம்புக்காரின்னா நீலமாயிடும்."

தாள் நீலமானது.

"பார்த்தீங்களா லட்சணத்தை! எடுங்கடி அந்த கோலாக் கொட்டைத் தட்டை!"

நிச்சயத்துக்காக மாப்பிள்ளை வீட்டார் பென்டா வீட்டுக்குக் கொண்டுவந்த தட்டு அது. வாசலைத் தாண்டி வெளியே போனால் கல்யாணம் நின்றது என்று அர்த்தம். பென்டா தட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, சத்தியமா நான் எதுவும் பூசறதில்லை."

"நீ பொய் சொல்லுவே. தாள் சொல்லாது."

பென்டாவின் மாமா தெம்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் குலத்துக்கும் சோக்னா குலத்துக்கும் காலங்காலமாகக் கேலி உறவு. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது.

"ஏம்மா சோத்து மூட்டை, எனக்கும் கொஞ்சம் பாரேன். அழகிப் போட்டிக்குப் போகலாம்னு இருக்கேன்."

அவர் அடுப்புக்கரி நிறம். சோக்னா முறைத்துக்கொண்டே தேய்த்தாள், அழுத்தினாள்.

நீலம்.

கூடமே கொல்லென்று சிரித்தது.

"அந்தக் கிடாவை மட்டும் ஏன் விடணும்?" என்றார் தெம்பா.

சோக்னாவுக்கு வீம்பு. முற்றத்தில் கட்டியிருந்த கறுப்புக் கிடாவின் காதைப் பிடித்துத் தேய்த்துத் தாளை ஒட்டினாள். அதுவும் நீலம்.

"அடப்பாவி, நீயுமாடா?" தெம்பா கிடாவிடம் கேட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

சிரித்துச் சிரித்துச் சில பேருக்குப் புரையேறியது. வியர்த்துப்போன சோக்னா அவசரமாக இன்னொரு தாளை உருவினாள். பென்டா சட்டென்று அதைப் பிடுங்கிக் கசக்கி, கிண்ணத்துத் தண்ணீரையும் முற்றத்தில் கொட்டினாள்.

"தண்ணிலதான் கோளாறு! குழாய்த் தண்ணில மருந்தை அள்ளிக் கொட்டறாங்க. பாவம், அத்தை என்ன பண்ணுவாங்க?"

"அதானே!" என்றார்கள் எல்லாரும். கோலாக் கொட்டைத் தட்டு மறுபடி உள்ளே வந்தது. மீன் சோறும் வந்தது.

எல்லாரும் சோற்றுத் தட்டைச் சுற்றி உட்காரும்போது பென்டா மாமியாரின் காதருகே குனிந்தாள்.

"அத்தை, கடைசித் தாள் யாரையும் தொடறதுக்கு முன்னாடியே நீலமாயிடுச்சு. விரல்ல இருக்கற களிம்பு போக நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க. எல்லாரும் ஒரே தட்டுலதான் கை வைக்கப்போறோம்."