பழுது பார்த்த கதவு

"அந்தக் கதவை மட்டும் விட்டுடுங்க, தம்பி. மத்தபடி கட்டடத்தையே இடிச்சுக் கட்டினாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

கீழ்த்தள வீட்டுப் பெரியவர் தெருக்கதவை மறித்துக்கொண்டு நின்றார். பூட்டு மாற்ற வந்தவர் கருவிப் பையைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் புது மேனேஜரைப் பார்த்தார்.

குடியிருப்பில் எல்லோரும் பெரியவரைக் 'கர்னல்' என்பார்கள். பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்தவர் இல்லை. வளையாத முதுகுக்கும் மாறாத சொல்லுக்கும் அக்கம்பக்கத்தார் கொடுத்த பட்டம் அது.

மேனேஜர் வேலையில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மச்சான் சிபாரிசில் கிடைத்த வேலை. இதில் பெயரைக் கெடுத்துக்கொண்டால் அவர் மனைவி தன் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது. அதனால் குழாய் சொட்டுகிறது, படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்று யார் முனகினாலும் ஓடிப் போய் நின்றார். பழுது பார்க்கவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிக்கப் பழகிவிட்டார். பழுது பார்க்கக் கூடாது என்று மல்லுக்கு நிற்கிறவரை இப்போதுதான் பார்க்கிறார்.

இத்தனைக்கும் கர்னல் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஈரம் ஏறிக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

அந்த இரும்புக் கம்பிக் கதவின் பூட்டு செத்துப் பல வருடம். வெளியே நின்று கைப்பிடியை லேசாகத் தூக்கி, அடியில் முழங்காலால் ஓர் இடி கொடுத்தால் திறந்துகொள்ளும். பழைய குடித்தனக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த வித்தை. மாடி வீட்டு நர்ஸின் சைக்கிள் காணாமல் போனதும், வித்தை தெருவுக்கே தெரிந்துவிட்டது என்று அவள் குதித்தாள். பூட்டு மாறாவிட்டால் முதலாளியிடமே போவதாகச் சொல்லிவிட்டாள்.

மேனேஜர் இதையெல்லாம் தன்மையாக எடுத்துச் சொன்னார். கர்னல் அசையவில்லை. வேண்டுமானால் தானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காப்பதாகச் சொன்னார்.

"பேச்சுக்குச் சொல்றேன்னு நினைக்காதீங்க. எங்க குடும்பத்துல சொன்ன சொல்லை மாத்தின வழக்கமே கிடையாது."

"காரணத்தைச் சொல்லுங்க சார். நியாயமா இருந்தா நானே முதலாளிகிட்ட பேசறேன்."

கர்னலின் உதடு பிரிந்தது. பூட்டுக்காரரைப் பார்த்தார். மாடிப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற நர்ஸைப் பார்த்தார். பிரிந்த உதடு மூடிக்கொண்டது.

"அது எங்க வீட்டு விஷயம்."

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "பூட்டைக் கண்டா திருடனுக்குத்தான் ஆகாது. உங்களுக்கு ஏன் சார் ஆகலை?"

நர்ஸ் களுக்கென்று சிரித்தாள். கர்னல் விலகி வழிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார். அந்தக் கோபத்திலும் தன் வீட்டுக் கதவை அவர் அறைந்து சாத்தவில்லை. எப்போதும்போல அது ஒருக்களித்தே கிடந்தது.

அந்தச் சொல்லைத் தொண்டையிலேயே விழுங்கியிருக்கலாம் என்று மேனேஜருக்கு அன்றைக்கே பட்டது. வீட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. பூட்டு மாறியது, வீட்டுக்கு வீடு சாவி போயிற்று. கர்னலும் தன் சாவியைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

அப்புறம் ஒரு மழை நாளில், கர்னல் கண் டாக்டரிடம் போயிருந்த நேரம், தான் செய்ததே சரி என்பதற்கு மேனேஜருக்குச் சாட்சி கிடைத்தது. சாயங்காலம் கர்னல் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் பிடித்துக்கொண்டார்.

நனைந்த தாடியும் தோளில் ஒரு பையுமாக ஒருவன் வந்தானாம். வாசலில் அழைப்பு மணி இருக்கிறது, அதைத் தொடவில்லையாம். நேராகக் கைப்பிடியைத் தூக்கி, முழங்காலால் இடித்தானாம். கதவு அசையவில்லை என்றதும் நம்ப முடியாதவன்போல மறுபடியும் இடித்தானாம். கம்பிக்குப் பின்னாலிருந்து மேனேஜர் அதட்டியிருக்கிறார்.

"'பூட்டை மாத்திட்டாங்களா?'ன்னு என்னையே கேக்கறான் சார். 'ஆமா, உன்னை மாதிரி ஆளுங்க உள்ள வரக் கூடாதுன்னுதான் மாத்தியிருக்கு'ன்னேன். கொஞ்ச நேரம் பூட்டையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் 'சரி'ன்னு சொல்லிட்டு அந்த மழையிலேயே போயிட்டான். இப்பவாவது ஒத்துக்கறீங்களா?"

கர்னல் குடையிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்தபடி நின்றார்.

"எந்தக் கையால தூக்கினான்?"

"இடது கை சார். இடதுகைப் பழக்கம்போல. ஏன், தெரிஞ்ச ஆளா?"

"மணி அடிக்க மாட்டான்," என்றார் கர்னல். "வீம்புல அப்படியே என்னை உரிச்சு வச்சவன்."

அவர் கை புதுப் பூட்டைத் தடவியது. அந்த முதுகு வளைந்து மேனேஜர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என் பையன், தம்பி. இதே வாசல்ல நின்னுதான், 'இந்தக் கதவு இனிமே உனக்குத் திறக்காது'ன்னு சொல்லி அனுப்பினேன். என் ஆயுசுல அந்த ஒரு சொல்லாவது பொய்யாப் போகட்டும்னுதான் இத்தனை வருஷமா இந்தப் பூட்டை யாரையும் தொட விடலை. நீங்க அந்தச் சொல்லைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க."